மணிமொழி வீட்டுச் செய்தி

ஐந்து பேரோடு போன 'கொண்டல்' விண்கலம் பூமிக்குத் திரும்பி வருகிற வழியில் வானத்திலேயே உடைந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்று காலை கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மாள் கண்ணாடித் தொலைக்காட்சிக்குப் போன் செய்து, அந்த ஐந்து பேரையும் எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கடலில் தேடுகிறோம், தேடுகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, கண்டுபிடித்தீர்களா இல்லையா, பெற்றவர்கள் வயிறு பற்றி எரியாதா என்று உரிமையோடு கோபித்தும் கொண்டார். வரவேற்பில் இருந்தவர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் செய்தி அறைக்கு வந்து சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஃபரீதாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த வீட்டுக்கு என்னென்ன போயிருக்கிறது என்று பார்க்கக் கணினிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்த அம்மாளுக்குக் கிறுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஐந்து பேரும் இறந்துபோன செய்தி அவர் வீட்டுக்குப் போகவே இல்லை, அவ்வளவுதான். போகாமல் பார்த்துக்கொண்டது ஃபரீதா எழுதிய விதி.

கண்ணாடித் தொலைக்காட்சி ஒன்றரைக் கோடி வீடுகளில் ஓடுகிறது. ஆனால் ஒரு வீட்டில் ஓடுவது அடுத்த வீட்டில் ஓடாது. செய்தி வாசிக்கிறவர் ஒருவர்தான், அவர் போட்டிருக்கிற சட்டையும் ஒன்றுதான். எந்த வாக்கியம் முதலில், எது பின்னால், எது வேண்டவே வேண்டாம் என்பதை மட்டும் வீட்டுக்கு வீடு தனியாக ஓர் இயந்திரம் முடிவு செய்யும். அலுவலகத்தில் அதற்குக் 'கோர்ப்பான்' என்று பெயர். பூக்கட்டுகிற வேலைதான். பூவெல்லாம் நிஜப் பூ, கட்டுகிற வரிசை ஆளுக்கு ஆள் வேறு. பார்க்கிறவர் எந்த இடத்தில் கண் இமைக்காமல் உட்கார்கிறார், எந்த இடத்தில் அணைத்துவிட்டு எழுந்து போகிறார் என்று பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அதற்கு விதி எழுதச் சொன்னபோது ஃபரீதாவுக்கு முப்பது வயது. ஆம்பூரிலிருந்து வந்த பெண், வதந்திச் செய்திகளால் ஊர் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள். பொய்யான வாக்கியம் ஒன்றுகூட எந்த வீட்டுக்கும் போகக் கூடாது என்று முதல் விதியாக எழுதினாள். அதற்காக விருதுகூடக் கொடுத்தார்கள். இரண்டாவது விதியை முதலாளிகளுக்காக எழுதினாள்: சொல்வதற்கு வேறோர் உண்மை கைவசம் இருக்கும்வரை, டிவியை அணைக்க வைக்கிற உண்மையைச் சொல்லாதே. அன்றைக்கு அதில் தப்பு எதுவும் அவள் கண்ணுக்குப் படவில்லை.

'ஐந்து பேரும் உயிரிழந்தனர்' என்ற வாக்கியம் மற்ற வீடுகளில் ஆட்களை நகரவிடாமல் உட்கார வைத்தது. சில வீடுகளில் அணைக்க வைத்திருக்கும். அந்த வீடுகளுக்குக் கோர்ப்பான் வேறு உண்மைகளை எடுத்துக் கட்டியது. தேடுதல் தொடர்கிறது என்பது உண்மை. கப்பல்கள் விரைந்தன என்பதும் உண்மை. பிரார்த்தனைகள் நடக்கின்றன என்பதும் உண்மைதானே. பதினோரு நாளாக ஒரு பொய்கூடச் சொல்லாமல் அந்த வீடுகளை அது ஏமாற்றியிருந்தது.

எத்தனை வீடுகள் என்று ஃபரீதா அதனிடம் கேட்டாள். அறுநூற்றுப் பதினான்கு என்றது. சட்டப்படி அலுவலகத்துக்கு யாருடைய பெயரும் தெரியாது, முகவரியும் போன் எண்ணும் மட்டும்தான் வரும். பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு, ரிக் பட்டறைக்குள் வீடு. அந்த முகவரியை அந்த அறையில் அறியாதவர் இல்லை. கொண்டலை ஓட்டிவந்த விமானி மணிமொழியின் வீடு அது. இப்போது அங்கே இருப்பது அவளுடைய புருஷன் ஒருவர்தான்.

யா அல்லாஹ், என்று அவள் நாற்காலியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டாள். பெண்டாட்டி செத்தது அந்த மனிதனுக்கு இன்னும் தெரியாது. நாடே துக்கம் கொண்டாடிக்கொண்டிருக்கிறது, அவர் மட்டும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தலைமை ஆசிரியர் செல்வகணபதியிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, நல்லவர் என்று சொல்லவும் ஒருவரும் முன்வந்ததில்லை. முதலில் பேசாமல் விட்டுவிடு, தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்றார். பிறகு, மாலை ஆறு மணிக்கு அந்த அறுநூற்றுப் பதினான்கு வீடுகளுக்கும் செய்தியை நேராகச் சொல்ல ஒப்புக்கொண்டார். அதற்குள் ஆட்களை வைத்து வீடு வீடாகப் போன் செய்து பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றும் முடிவாயிற்று. கோர்ப்பான் மறுபடி அதே வேலையைச் செய்யாமல் இருக்க, அந்த வீடுகளைப் பற்றி அது கற்ற பழக்கம் எல்லாவற்றையும் அதே ஆறு மணிக்கு அழித்துவிடவும் ஃபரீதா உத்தரவு எழுதினாள். திருச்செங்கோட்டுக்கு மட்டும் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, நான் நேரில் போகிறேன் என்றாள். செல்வகணபதி கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. கேமராவோடு போ என்றார். மாட்டேன் என்றாள். கேமரா இல்லாமல் போவதாக இருந்தால் அது உன் சொந்த லீவு என்றார். சரி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள்.

சென்னையிலிருந்து ஐந்து மணி நேர ரயில். அதில் உட்கார்ந்துதான் அவள் தன் கைவேலையை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். எதிர் இருக்கையில் இரண்டு பேர், ஒரே அலுவலகத்துக்காரர்கள் போல, ஆம்பூர் வரும்வரை சண்டை போட்டார்கள். அந்தப் பெண் விமானி தெய்வம் என்றார் ஒருவர். தெய்வமாவது, அவள் கை தாமதித்ததால்தான் ஐந்து உயிர் போயிற்று என்றார் மற்றவர். இது வெளிநாட்டுச் சதி என்று பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. மூவரும் ஆதாரத்துக்குப் போனைத் தூக்கிக் காட்டினார்கள். மூன்று போனிலும் கண்ணாடித் தொலைக்காட்சி, அதே வாசிப்பாளர், அதே சட்டை. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்ததே இல்லை. ஃபரீதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது.

திருச்செங்கோட்டில் ஆட்டோ அந்தத் தெருவுக்குள் போக முடியவில்லை. தெரு முனையில் பத்துச் சக்கர ரிக் லாரி ஒன்று குறுக்கே நின்றது, ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த ராட்சத லாரி. முதல் நான்கு நாள் பத்திரிகைக்காரர்கள் மைக்கோடு வந்து குவிந்ததாகவும், அந்த வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்ததாகவும், ஐந்தாம் நாள் தெருக்காரர்களே லாரியைக் குறுக்கே நிறுத்திச் சாவியை ஒளித்துவைத்துவிட்டதாகவும் ஆட்டோக்காரர் பெருமையாகச் சொன்னார். அவர் கதையைக் கேட்கக் கேட்க ஃபரீதாவுக்கு முகம் சிவந்தது. லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து நடந்தாள். கையில் மைக் இல்லை, பின்னால் கேமரா இல்லை, அதனால் யாரும் தடுக்கவில்லை.

பட்டறை வாசலில் நாற்பது செருப்பாவது கிடந்தது. உள்ளே தகரக் கூரைக்குக் கீழே ஒரு டிவியை மேசைமேல் தூக்கிவைத்து, அந்தத் தெரு ஜனமே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது. தறிப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள், பெண்கள், கைக்குழந்தைக்காரிகள்.  டிவியில் ஓர் இன்ஜினீயர் கோடு போட்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் கப்பல்கள், கடல்.

மணிமொழியின் புருஷன் அர்த்தநாரி பின்வரிசையில், கிணற்றுத் துளைக்குள் இறக்குகிற கேசிங் பைப் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வயதிருக்கும், கம்ப்ரசர் சூடு பட்டுத் தழும்பேறிய கைகள். ஃபரீதாவைப் பார்த்ததும் எழுந்து வந்தார். வாங்க என்றார், யார் என்றுகூடக் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவள் சென்னையில் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் அத்தனையும் மறந்துபோயின. மணி அப்போது நாலே முக்கால்.

அவரைத் தனியாக ஒரு லாரிப் பக்கம் அழைத்துப்போய், தான் யார், எங்கிருந்து வருகிறாள் என்பதை முதலில் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. பேட்டிக்கு வரவில்லை என்றாள். உங்கள் வீட்டு டிவி ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமலே விட்டிருக்கிறது, அது என் தப்பு, ஆறு மணிக்கு அது சொல்லிவிடும், அதற்கு முன்னால் ஒரு மனுஷி வாயிலிருந்து நீங்கள் கேட்க வேண்டும் என்று வந்தேன் என்றாள். 

அவள் கையிலிருந்த சொம்பை அவர் வாங்கிக்கொண்டார்.

"மணி செத்துப்போச்சுன்னு சொல்ல வந்தீங்களா அம்மிணி?"

ஃபரீதா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அது எனக்கு மொத நாளே தெரியுமுங்க."

விஷயத்தை அவர் நிதானமாகச் சொன்னார். கொண்டல் உடைந்தபோது அவர் ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எண்ணூறு அடியில் துளை போட்டுக்கொண்டிருந்தார். விண்வெளி நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல், ஐந்து பேரும் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டார். இவர் மெஷினை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் ராடு உள்ளே மாட்டிக்கொள்ளும், துளை வீணாகிவிடும், அந்த ஊரில் குடிதண்ணீர் கிடையாது. தொள்ளாயிரத்து இருபதில் தண்ணீர் வந்தது. ஊர்க்காரர்கள் ஆடினார்கள், இவருக்கு மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி லாரியில் வைத்துவிட்டு, உதவியாளிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு ஊரின் கிணற்றை முடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் இந்த மனிதர் என்று நினைக்கும்போதே ஃபரீதாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அதோடு குழப்பமும் வந்தது. எல்லாம் தெரிந்தவர் எதற்காக இந்த டிவி முன்னால் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறார்? அந்த வார்த்தையைச் சொல்லாத டிவி ஆறுதலாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்கில்லீங்க. இந்த டிவி எம்பேர்ல இல்லீங்க. அவ பேர்ல இருக்குது."

ஃபரீதாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளே எழுதிய விதிதான் அதுவும். வீட்டு டிவியில் யார் பெயரைப் பதிந்திருக்கிறார்களோ அவர் பழக்கப்படிதான் அது ஓடும், அந்தப் பெயர் டிவியைத் தாண்டி அலுவலகத்துக்கு வராது. பெயர் பதியாத ஆள் யார் வந்து பார்த்தாலும் விருந்தாளிக் கணக்கு, அவர் பழக்கத்தைக் கோர்ப்பான் சட்டை செய்யாது. அர்த்தநாரி வருஷத்தில் ஒன்பது மாதம் ரிக்கோடு வெளியூரில் இருக்கிறவர், பெயர் பதியவே இல்லை. பதினோரு நாளாக அந்த வீட்டுக்குப் போன செய்தி மணிமொழிக்காகக் கோர்த்த செய்தி. உயிரோடு இருந்தால் அவள் எதை விடாமல் பார்ப்பாளோ அது.

"நான் வந்த அன்னிக்குத் துக்கம் விசாரிக்க வந்தவங்கதான் டிவியப் போட்டாங்க. ரெண்டு நாள் பாத்துட்டே இருந்தனுங்க. என்னமோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. புகழ்ந்து பேச ஆரம்பிச்சாங்கன்னா படக்குன்னு வேற பக்கம் போயிருது. அழுவறத ஒருக்காக்கூடக் காட்டறதில்ல. அடியில எந்த வெப்ப ஓடு விட்டுச்சு, எத்தன சூடு, எந்தக் கப்பல் எங்க நிக்குதுங்கறதெல்லாம் மணிக்கணக்கா ஓடுது. மூணாவது நாள் வெளங்கிருச்சு. இது அவ பாக்கற பார்வை. பக்கத்துல உக்காந்து ரிமோட்டக் கையில வெச்சுட்டு அவதான் மாத்திட்டிருக்கா."

சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செத்துப்போனார்கள் என்ற வார்த்தையை மட்டும் ஏன் சொல்வதில்லை என்பதையும் அவரே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் பயிற்சி விபத்தில் அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வாக்கியம் டிவியில் வந்த நிமிஷமே மணிமொழி அணைத்துவிடுவாள். அதற்குமேல் இவர்கள் பேசுவதெல்லாம் வம்பு என்பாளாம். தன் முகம் டிவியில் வந்தாலும் அப்படித்தான், கூச்சம், சட்டென்று அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் இந்தப் பதினோரு நாளில் நாட்டிலுள்ள எல்லா டிவியிலும் வந்த அவள் முகம் இந்த ஒரு டிவியில் ஒரு தடவைகூட வரவில்லை.

ஃபரீதா டிவி பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்ஜினீயர் இன்னும் கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் பேசியது எல்லாம் அவள் அலுவலகத்திலிருந்து போனதுதான், ஒவ்வொரு வாக்கியமும் அவள் மேற்பார்வையில் சரிபார்த்தது. ஆனாலும் இந்த வரிசையில் அவள் கேட்டதில்லை. கலத்தை இடதுபக்கம் திருப்புகிற திருத்தத்தை விமானி நான்கு நொடி தாமதமாகச் செய்தார் என்றார் இன்ஜினீயர். ரயிலில் விமானியைத் திட்டிய அந்த மனிதர் கேட்டது இதைத்தான், அதோடு அவர் போனில் கோஷ்டிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. இங்கே இன்ஜினீயர் தொடர்ந்தார். கலம் நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அடியில் வெப்ப ஓடு பெயர்ந்துவிட்டது, பிழைக்க வழியில்லை என்பது உள்ளே இருந்தவர்களுக்குக் கருவியில் தெரிந்துவிட்டது. உரிய நேரத்திலேயே திருத்தத்தைச் செய்திருந்தால் உடைந்த துண்டுகள் கரையோர ஊர்களின்மேல் விழுந்திருக்கும். நான்கு நொடி பிடித்துவைத்ததால் இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தன.

கைதட்டல் இல்லை, பின்னணி இசை இல்லை, வீரப்பெண் என்ற சொல் இல்லை. அடுத்த வாக்கியமாக இன்ஜினீயர் ஓட்டின் தடிமனுக்குப் போய்விட்டார். மணிமொழிக்கு அது போதும் போலிருக்கிறது. ஃபரீதா மனதுக்குள் நான்கு வரை எண்ணிப் பார்த்தாள். கைக்குள் நெருப்பைப் பிடித்திருக்கும்போது ஒரு பெண் நான்கு நொடி எண்ணியிருக்கிறாள். எத்தனை ஆயிரம் வீடு இன்றைக்குச் சமையல் செய்து சாப்பிட்டுக்கொண்டு, அவளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, அந்த நான்கு நொடியால்.

முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ராக்கியண்ணன், பக்கத்துத் தறிப் பட்டறை முதலாளி. அவரைக் காட்டி அர்த்தநாரி சொன்னார். இரண்டாம் நாள் டீக்கடையில் இந்தப் பொம்பளையால்தான் எல்லாம் போச்சு என்று சத்தமாகப் பேசியவர் அவர். அவர் வீட்டு டிவி அவருக்கு அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று, புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. ஒருநாள் அர்த்தநாரியே ராக்கியண்ணனைக் கூப்பிட்டு, எங்கள் டிவியில் கொஞ்சம் பாருங்கள் என்று உட்கார வைத்தார். மனிதர் முழுக்கக் கேட்டார்.  மறுநாள் தெரு முனையில் அந்த லாரியைக் குறுக்கே நிறுத்தியது அவர்தான். அன்றிலிருந்து எல்லோரும் சாயங்காலம் இங்கேதான் வருகிறார்கள்.

மணி ஐந்தரை ஆகியிருந்தது. ஃபரீதா அப்போதுதான் மீதியைச் சொன்னாள். ஆறு மணிக்கு அந்த வாக்கியம் வருவதோடு நிற்காது. கற்ற பழக்கம் எல்லாமே அழிந்துவிடும். அதன்பிறகு இந்த டிவி எல்லாருடைய டிவியையும் போலத்தான்.

அர்த்தநாரி அதைக் கேட்டதும் பைப்மேல் உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டி செத்ததைப் பற்றி அத்தனை நிதானமாகப் பேசிய மனிதர் இப்போது, எல்லாமேவா, எல்லாமேவா என்று இரண்டு தடவை கேட்டார். ஃபரீதா அவசரமாக, இந்த ஒரு வீட்டை விட்டுவிடச் சொல்லி ஒரே ஒரு போன் போட்டால் போதும், என்னால் முடியும், இப்போதே போடுகிறேன் என்றாள். எங்கள் தப்பு, இதைக்கூட உங்களுக்குச் செய்யாவிட்டால் எப்படி என்றாள். வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது.

 அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது, அது முகத்தில் அப்படியே தெரிந்தது. ஃபரீதா போனைக் கையில் எடுத்து எண்ணைக்கூட எடுத்துவிட்டாள்.

"மொத்தம் எத்தன ஊடுங்க அம்மிணி?"

"அறுநூத்திப் பதினாலு அண்ணே."

"அவங்களுக்கெல்லாம் இன்னும் தெரியாதுங்களா?"

காலையிலிருந்து போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது என்றாள். கும்பகோணத்து அம்மாளைப் பற்றியும் சொன்னாள். அவருடைய மகன் கடற்படையில் இருந்து இறந்துபோனவன். அன்றிலிருந்து அந்த மாதிரிச் செய்தி வந்தாலே அவர் டிவியை அணைத்துவிடுவார். விஷயத்தைச் சொன்னபோது, அந்த ஐந்து பேரும் எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அழுதாராம்.

அர்த்தநாரி அதைக் கேட்டுவிட்டு டிவியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அந்தம்மா கேட்டுக்கிட்டாங்கல்ல. அப்பறம் எனக்கென்ன தனியா? மணிகிட்டக் கேட்டிருந்தா, அதென்ன நமக்கு மட்டும்னு சத்தம் போட்டிருப்பா. வேண்டாமுங்க. எல்லாத்துக்கும் வர்றது இங்கயும் வரட்டும்."

யோசித்துச் சொல்லுங்கள், அழிந்தால் திரும்ப வராது என்று ஃபரீதா ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள். அவர் போனை அவள் கைப்பைக்குள் வைத்துவிடச் சொன்னார். பிறகு எழுந்து போய், இந்தப் பதினோரு நாளில் முதல் தடவையாக, கூட்டத்துக்கு முன்னால் நின்றார். ஆறு மணிக்கு டிவியில் செய்தி சொல்லுவார்கள், மணியோடு சேர்த்து ஐந்து பேரும் செத்துப்போனதை, யாரும் எழுந்து போக வேண்டாம், இருந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைத் தெருக்காரர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை அவருக்காக அவர்களும், அவர்களுக்காக அவரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு பெண் விம்மினாள். மற்றவர்கள் அவளை அடக்கவில்லை.

மிச்சமிருந்த நேரத்தை அவர் டிவிக்கு மிகப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கழித்தார். இன்ஜினீயர் ஓட்டின் ஒட்டுப்பசையைப் பற்றிப் பேசினார். பிறகு ஒரு கப்பலின் கொள்ளளவு. பிறகு கடல் நீரோட்டத்தின் திசை. ஒரு மந்திரி பேசத் தொடங்கி, இரண்டாவது சொல்லிலேயே காணாமல் போனார். அர்த்தநாரிக்கு அப்போது சிரிப்பு வந்துவிட்டது. பார்த்தீர்களா என்பதுபோல ஃபரீதாவைத் திரும்பிப் பார்த்தார். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆறு மணிக்கு வாசிப்பாளர் வந்தார். கொண்டல் விண்கலத்தில் சென்ற ஐந்து பேரும் உயிரிழந்தனர் என்று, ஃபரீதா எழுதிக் கொடுத்தபடியே, அலங்காரமில்லாமல் சொன்னார். பெயர்களைப் படித்தார். மணிமொழி பெயர் மூன்றாவதாக வந்தது. பட்டறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். திரை ஒருமுறை இருண்டு மறுபடி வெளிச்சமானது. அவ்வளவுதான், ஒரு நொடிகூட இல்லை.

இனி அது புது டிவி. யாருடைய பழக்கமும் தெரியாத டிவிக்குக் கோர்ப்பான் எப்போதும் செய்வதைத்தான் செய்தது, மாநிலத்தில் அதிகம் பேர் பார்த்ததை எடுத்துப் போட்டது. திரை முழுக்க மணிமொழியின் முகம் வந்தது.

விண்ணிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்த பேட்டி. பதினோரு நாளாக ஒன்றரைக் கோடி வீடுகளில் ஓடி ஓடி, ஊருக்கே மனப்பாடமாகிவிட்ட துண்டு. அர்த்தநாரி அதைப் பார்த்ததே இல்லை என்பது ஃபரீதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எடையில்லாமல் அவள் தலைமுடி நாலாபக்கமும் மிதந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொண்டு, கூச்சமாகச் சிரித்துக்கொண்டே, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"எங்கூட்டுக்காரரு கெணறு போடறவருங்க. ஆயிரம் அடி போனாலும் தண்ணி எப்ப வரும்னு ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கமாட்டாரு. என்னைய மட்டும் எப்ப வருவே, எத்தன மணிக்கு வருவேன்னு தெனமும் கேக்கறாருங்க."

பட்டறையில் யாரோ வாய்விட்டு அழுதார்கள். அர்த்தநாரியின் தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. திரையில் கேள்வி கேட்டவர், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றார். மணிமொழி முடியை மறுபடி ஒதுக்கிக்கொண்டு, பதில் சொல்ல வாயெடுத்தாள். ராக்கியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இதை இந்த மனிதர் பார்க்க வேண்டாம் என்று எழுந்து டிவியை அணைக்கக் கையை நீட்டினார்.

அர்த்தநாரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணா. அவ பேசி முடிக்கட்டும்."